எட்டு மணி நேர வேலை, பட்டப்படிப்பு, ஆராய்ச்சி: நூல் அறுந்துபோகாமல் காக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், வெளியூரில் இருக்கும் உறவினர்களுக்கு வீடியோ கால் போடுவார்கள். இரண்டாவது மாதம்தான் 'இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?' என்ற கேள்வி வரும். வேலைக்குப் போய்க்கொண்டே மேலே படிப்பவரோ, படிக்க நினைப்பவரோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. விலை உயர்ந்த சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். நான் சொல்லப்போகும் எல்லாமே இலவசம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. டிப்ளமோ முடித்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பி.இ., பிறகு எம்.இ. முடித்தேன். இப்போது அதே வேலையில் இருந்தபடி பகுதிநேர பிஎச்.டி. ஆய்வின் தொடக்க நிலையில் இருக்கிறேன். வீடு திருமுல்லைவாயிலில். இரண்டு ஸ்டேஷன் தள்ளி பட்டரவாக்கத்தில் இறங்கி வேலைக்கு நடக்கிறேன்.

எங்கள் பகுதியில் நான் தனி ஆள் இல்லை

சென்னையின் மேற்குப் பகுதி தொழில் செய்தே வளர்ந்த பகுதி. அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கிகளைக் கட்டும் கனரக வாகனத் தொழிற்சாலையும், அவற்றை வடிவமைக்கும் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிலையமும் இருக்கின்றன. பூந்தமல்லி சாலையில் கார் உதிரிபாகக் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. டிப்ளமோ அல்லது ஐ.டி.ஐ. முடித்து இந்த இடங்களில் சேர்ந்து, 'எப்படியாவது ஒரு டிகிரி வாங்கிவிட வேண்டும்' என்று நினைப்பவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

அந்தக் காலத்து அண்ணன்மார்கள் ஏ.எம்.ஐ.இ. தேர்வை வீட்டிலேயே படித்து எழுதினார்கள். இன்று அந்த வழியில் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2013 மே 31 வரை அதில் பதிவு செய்தவர்களுக்குத்தான் மத்திய அரசு அதை பி.இ.க்குச் சமமாக ஏற்கிறது. இப்போது இருக்கும் வழிகள் வேறு. 2023-24 கல்வியாண்டிலிருந்து, வேலை பார்ப்பவர்களுக்கென்று தனியாக பி.இ. வகுப்பு நடத்தக் கல்லூரிகளை ஏ.ஐ.சி.டி.இ. அனுமதிக்கிறது. அனுபவம், தூரம் பற்றிய நிபந்தனைகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு 2021-ல் வகுப்புகளைத் தொடங்கியது. அதில் பாடங்கள் இன்டர்நெட்டில், தேர்வுகள் மட்டும் நேரில். பாதியில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்கேற்ப சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு.

இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கலாமா?

என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. யு.ஜி.சி. 2022 ஏப்ரலில் இரண்டு படிப்புகளை ஒரே சமயத்தில் படிக்கலாம் என்று அறிவித்தது. ஆனால் பிஎச்.டி.க்கு அது பொருந்தாது என்று அதே அறிவிப்பில் இருக்கிறது. ஆகவே பட்டப்படிப்பிலும் பிஎச்.டி.யிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே ஆண்டு நவம்பரில் வந்த பிஎச்.டி. விதிமுறைகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும். ஆய்வுக்கு நேரம் ஒதுக்க அனுமதி உண்டு என்பதும் அதில் இருக்க வேண்டும். குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு.

அப்படியானால் நான் ஏன் பட்டப்படிப்பையும் ஒரு சுமையாகச் சொல்கிறேன்? ஆராய்ச்சி தொடங்கியதும் அடிப்படைப் பாடங்கள் திரும்பவும் தேவைப்படுகின்றன. என் ஆய்வுக்குப் புள்ளியியல் வேண்டும், புரோகிராமிங் வேண்டும். இரண்டும் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் படிக்கும் பாடங்கள். பட்டம் வாங்குவதற்காக இல்லாவிட்டாலும், படித்துத்தான் ஆக வேண்டும்.

168 மணி நேரக் கணக்கு

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். எக்செல்லோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கோ திறந்து உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். என் கணக்கு இது: வேலை 48 மணி. தூக்கம் நாளுக்கு ஏழு வீதம் 49. போக வர 9. குளியல், சாப்பாடு, கடைத்தெரு, வீட்டு வேலை, குழந்தை எல்லாம் சேர்த்து நாளுக்கு ஆறு வீதம் 42. கழித்தால் மிச்சம் 20.

இந்த 20-ஐயும் நான் படிப்புக்கு எழுதிவைப்பதில்லை. ஆராய்ச்சிக்கு 8, பாடத்துக்கு 4, குறிப்பு எழுதவும் ஃபைல்களைச் சரிபார்க்கவும் 2. மீதி 6 மணி நேரத்தைச் சும்மா விட்டுவிடுகிறேன். ஓவர்டைம், கல்யாணம், காய்ச்சல், கரன்ட் கட் எல்லாம் வந்து அந்த ஆறை எடுத்துக்கொள்ளும். 20-ம் நிரம்பிய டைம்டேபிள் இரண்டாவது வாரமே உடைந்துவிடும்.

எதை எப்போது செய்வது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வேலையை நினைவுபடுத்த சூப்பர்வைசர் இருக்கிறார். பாடத்தை நினைவுபடுத்தத் தேர்வுத் தேதி இருக்கிறது. ஆராய்ச்சிக்கு இன்றைக்கு என்று எந்தக் கெடுவும் கிடையாது. கெடு இல்லாத வேலைதான் எப்போதும் தள்ளிப்போகும். அதனால் நாளின் முதல் மணி நேரத்தை, காலை ஐந்து முதல் ஆறு வரை, ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்குக் களைப்போடு உட்கார்ந்தாலும் வகுப்பு வீடியோ பார்க்க முடியும். புதிதாக யோசிக்க முடியாது.

நேரம் எங்கே கரைகிறது?

வாரத்துக்கு 8 மணி நேரம் என்றால், ஆண்டுக்கு 50 வாரத்தில் 400 மணி நேரம். முழுநேர ஆய்வு மாணவர் வாரம் 40 மணி நேரம் உழைத்தால் அவருக்கு 2,000. நமக்கு ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது.

அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும், 'நேற்று எங்கே விட்டேன்? எந்த ஃபைல் கடைசி? அந்தக் கட்டுரையை எங்கே சேவ் செய்தேன்?' என்று தேடுவதிலேயே இருபது நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஆறு காலை. ஆறு இருபது நூற்று இருபது. அதாவது எட்டில் இரண்டு மணி நேரம், கால்வாசி, விட்ட இடத்தைத் தேடுவதற்கே செலவாகிறது. ஆறு ஆண்டில் ஒன்றரை ஆண்டு!

வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவருக்கு நேரம் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். நேரத்தைக் கம்ப்யூட்டரால் கூட்டித் தர முடியாது. நூல் அறுந்துபோகாமல் அது பிடித்துவைத்துக்கொள்ளும். நேற்று விட்ட இடத்தில் இன்று தொடர வைக்கும். இனி அதற்கான வழிகள்.

நோட்பேடில் ஒரு நாட்குறிப்பு

விண்டோசில் இருக்கும் நோட்பேடைத் திறந்து புதிய ஃபைல் ஒன்றைத் தொடங்குங்கள். முதல் வரியில் ஒரு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எல், ஓ, ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் பெரிய எழுத்தில் டைப் செய்யுங்கள். 'குறிப்பு' என்று பெயரிட்டுச் சேவ் செய்து மூடுங்கள். இனி அந்த ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் அன்றைய தேதியும் நேரமும் கடைசியில் தானாகவே வந்து நிற்கும். வேறு எந்த நோட்பேட் ஃபைலிலும் தேதி வேண்டுமென்றால் எஃப்5 கீயை அழுத்தினால் போதும்.

ஒவ்வொரு காலையும் எழுந்திருக்கும் முன் அதில் மூன்றே வரி எழுதுங்கள்: இன்று என்ன செய்தேன், எந்த ஃபைலில் நிற்கிறேன், நாளை முதலில் செய்யவேண்டியது என்ன. மூன்றாவது வரிதான் முக்கியம். 'படிக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். 'மூன்றாவது டேட்டா ஃபைலில் அதிர்வு ஏன் திடீரென்று ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்' என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். இப்போதைய நோட்பேட் யூனிகோடில் சேவ் செய்வதால் எழுத்துகள் கட்டம் கட்டமாக மாறாது.

ஃபோல்டரும் ஃபைல் பெயரும்

டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் 'பாடம்', 'ஆராய்ச்சி' என்று இரண்டு ஃபோல்டர்கள் மட்டும் போடுங்கள். 'வேலை' என்று மூன்றாவதைப் போடாதீர்கள். கம்பெனி ஃபைல்கள் கம்பெனியிலேயே இருக்கட்டும். காரணம் பின்னால் வருகிறது.

ஃபைல் பெயரின் தொடக்கத்தில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள். 2025-07-14 என்று தொடங்கினால், பெயர் வரிசையில் அடுக்கும்போது தேதி வரிசையும் தானாக வந்துவிடும். நாளை முதலில் போட்டால் எல்லா மாதத்தின் 14-ம் தேதியும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். 'கடைசி', 'புதிய கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயர் வைக்கும் பழக்கத்துக்கும் இதோடு முற்றுப்புள்ளி.

கட்டுரைகளைத் தேடவும் சேர்த்துவைக்கவும்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேட கூகுள் ஸ்காலர் இருக்கிறது. அதில் 'அலர்ட்' என்ற வசதியை ஏற்படுத்திக்கொண்டால், உங்கள் தலைப்பில் புதிய கட்டுரை வரும்போது இமெயிலில் செய்தி வரும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைப் படிக்க ஷோத்கங்கா வெப்சைட் இருக்கிறது. உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று முதலில் அங்கே பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்வு இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் வழியாகப் படிக்கலாம்.

டவுன்லோட் செய்த பிடிஎஃப் ஃபைல்களைக் குவித்துவைக்காமல் ஜோட்டேரோ என்ற இலவச சாப்ட்வேரில் சேருங்கள். ப்ரௌசரில் அதன் கனெக்டரைச் சேர்த்துவிட்டால், ஒரே கிளிக்கில் கட்டுரையின் தலைப்பு, எழுதியவர்கள், ஆண்டு எல்லாம் பதிவாகிவிடும். நீங்கள் எழுதும்போது மேற்கோள் பட்டியலையும் அதுவே தயாரித்துக் கொடுக்கும்.

பாடங்களுக்கு என்பிடெல் இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. பாடத்தைப் பார்ப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். பாடங்கள் 4, 8, 12 வாரங்களில் அமைந்தவை. வேலை பார்ப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் 4 அல்லது 8 வாரப் பாடம் ஒன்றை மட்டும் எடுங்கள்.

எக்செல் எங்கே நின்றுவிடும்?

என் ஆய்வைக் கொஞ்சம் சொல்கிறேன். சி.என்.சி. மெஷினில் இரும்பை வெட்டும் டூல் தேய்ந்துகொண்டே வரும். பல ஷாப்களில் 'இத்தனை பீஸ் வெட்டியதும் மாற்று' என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். சில சமயம் நல்ல டூல் குப்பைக்குப் போகும், சில சமயம் தேய்ந்த டூல் பீஸைக் கெடுக்கும். ஆனால் எங்கள் ஷாப்பின் மூத்த ஆபரேட்டர் சத்தத்தை வைத்தே 'இது தாங்காது தம்பி, மாத்திடு' என்று சொல்லிவிடுவார். அவர் காதில் விழுவது எது? அதை ஒரு அதிர்வு சென்சார் பிடித்துக் காட்டுமா? இதுதான் என் கேள்வி.

அந்த சென்சார் வினாடிக்கு 10,000 அளவுகள் எடுக்கிறது. ஒரு எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிகள்தான் உண்டு. அதாவது 105 வினாடிக்குள் ஷீட் நிரம்பிவிடும். அதனால் ஆக்டேவ் என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்துகிறேன். பைத்தானும் நல்லதுதான். இடம் எவ்வளவு பிடிக்கும்? ஒரு அளவுக்கு 2 பைட் என்றால், மணிக்கு 72 எம்பி. எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 576 எம்பி. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரே தாங்கும். இப்படி முன்கூட்டியே கணக்குப் போட்ட பிறகு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

கம்பெனி டேட்டாவுக்கு எழுத்தில் அனுமதி

வேலை செய்யும் இடத்தில் எடுக்கும் டேட்டா உங்களுடையதல்ல. வாய்வார்த்தையாக 'எடுத்துக்கோப்பா' என்று சொன்னாலும் போதாது. எந்த மெஷின், எந்த அளவுகள், ஆய்வேட்டில் கம்பெனி பெயர் வருமா, வாடிக்கையாளரின் டிராயிங் வெளியே போகாது என்ற உறுதி, இவை நான்கும் எழுத்தில் இருக்கட்டும். நான் அதிர்வு அளவுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். பாகத்தின் பெயரும் டிராயிங் எண்ணும் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடையாது. நாளைக்கு வேலை மாறினாலும் ஆய்வு நிற்காமல் இருக்க வேண்டும் அல்லவா?

பேக்கப் விஷயத்தில் ஒரு எளிய விதி: மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. முதல் பிரதி கம்ப்யூட்டரில். இரண்டாவது வெளி ஹார்ட் டிஸ்கில்: அதை இணைத்து, கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, டர்ன் ஆன் பட்டனை அழுத்துங்கள். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் உள்ளவை தானாகப் பிரதியாகும். மூன்றாவது, இன்டர்நெட் சேமிப்பிலோ நம்பகமான உறவினர் வீட்டிலோ. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலை அந்தப் பிரதியிலிருந்து திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

நூற்று நாற்பது ஆண்டுக்கு முன்பே ஒருவர்

டூல் தேய்மானம் பற்றிப் படிக்கும் எவரும் முதலில் சந்திக்கும் பெயர் எஃப்.டபிள்யூ. டெய்லர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் 1878-ல் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தவர். ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் படித்து, 1883-ல் ஸ்டீவன்ஸ் கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே ஆலைத் தலைவர் வில்லியம் செல்லர்ஸின் அனுமதியோடு உலோகம் வெட்டும் சோதனைகளைத் தொடங்கியிருந்தார். வேலை, பட்டப்படிப்பு, ஆராய்ச்சி மூன்றும் ஒரே ஆளிடம்!

அந்தச் சோதனைகள் 26 ஆண்டுகள் நடந்தன. முடிவுகளை 1906-ல்தான் வெளியிட்டார். வெட்டும் வேகத்துக்கும் டூலின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை ஒரு சிறிய சூத்திரமாக்கினார். கார்பைடு டூலுக்குப் பாடப்புத்தகங்கள் காட்டும் 0.25 என்ற எண்ணைப் போட்டால், வேகத்தை இரட்டிப்பாக்கும்போது ஆயுள் பதினாறில் ஒரு பங்காகிறது. தொழிலாளர்களிடம் அதிக வேலை வாங்கும் முறையை வகுத்தவர் என்று பின்னாளில் அவர்மீது கடும் விமர்சனம் எழுந்தது. ஆனால் 26 ஆண்டுச் சோதனைகளையும் தொடர்ந்து எழுதிவைத்த பழக்கம் நமக்குப் பாடம்.

நம்மூர் உதாரணமும் உண்டு. குமரி மாவட்டம் சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1980-ல் பட்டம் பெற்று, 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். ராக்கெட் வேலையில் இருந்தபடியே மும்பை ஐ.ஐ.டி.யில் அவர் பிஎச்.டி. பெற்ற ஆண்டு 2006. வேலையில் சேர்ந்து 24 ஆண்டு கழித்து! பின்னர் 2018-ல் இஸ்ரோவின் தலைவரானார்.

எப்போது ஆரம்பிப்பது?

எங்கள் ஷாப்பில் டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்புப் படிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். "அண்ணே, டிகிரி முடிச்சிட்டு ஆராய்ச்சி பக்கம் போகலாமா, இல்ல இப்பவே ஏதாவது ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்.

"பதிவு பண்றது அப்புறம் இருக்கட்டும். கேள்வியை இப்பவே எழுதி வை" என்றேன்.

அதன் பொருள் இதுதான். பட்டப்படிப்புக் காலத்தில் ஆராய்ச்சியில் இறங்க நேரம் இருக்காது. ஆனால் மெஷின் முன் நிற்கும்போது தோன்றும் கேள்விகள் அந்த வயதில்தான் நிறைய வரும். நாலைந்து ஆண்டு கழித்துப் பேராசிரியர் முன் உட்காரும்போது, 'ஏதாவது தலைப்புக் கொடுங்க சார்' என்று கேட்பவருக்கும், தன் ஷாப்பில் பார்த்த பத்துக் கேள்விகளைத் தேதியோடு நீட்டுபவருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. எந்தச் சலுகையும் இல்லாமல் வேலை பார்ப்பவருக்குக் கிடைக்கும் ஒரே சொத்து அந்தக் கேள்விகள்தான். கல்லூரியிலேயே இருப்பவருக்கு அவை எளிதில் கிடைக்காது.

மூன்றையும் எல்லா மாதமும் சமமாகச் சுமக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செமஸ்டர் தேர்வு மாதத்தில் என் ஆராய்ச்சி நாளுக்குப் பத்து நிமிடமாகச் சுருங்கும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சில் பாடம் ஒரு மணி நேரமாகச் சுருங்கும். எது சுருங்கினாலும் குறிப்பு ஃபைலில் மூன்று வரி மட்டும் நிற்பதில்லை. அது இருக்கும்வரை, பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தாலும் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் வேலை தொடங்கிவிடும்.

உங்கள் வீட்டில் ஷிஃப்டுக்குப் போய்வந்து படிக்கும் தம்பியோ, தங்கையோ, மனைவியோ, கணவரோ இருந்தால், இன்று இரவே கம்ப்யூட்டரில் அந்த நோட்பேட் ஃபைலை ஏற்படுத்திக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. மறக்காமல் காலை ஐந்து முதல் ஆறு வரை கம்ப்யூட்டரையும் அவருக்கே விட்டுக்கொடுங்கள்!